மாடல் கப்பல் டெக்குக்கு மர நிறம்: ப்ரௌன் டப்பாவ மூடி வச்சுட்டு வெயில்ல கெடக்கற பலகையப் பாருங்க

கேள்வி, ஈரோட்டுல இருந்து ஒரு தம்பி (10 ஜூன் 2023)

அண்ணா, டாமியா கம்பெனியோட மிசௌரி போர்க்கப்பல் பிளாஸ்டிக் மாடல் கிட், 1/350 (நெச கப்பல்ல 350-ல ஒரு பங்கு), எடுத்து ரெண்டு மாசமாச்சுங். உடம்பு, பீரங்கி எல்லாம் சரியா வந்துருச்சு, டெக்கு, அதான் மேல்தளம், மட்டும் உதைக்குது. வீடியோல சொன்ன மாதிரி ப்ரௌன் அடிச்சு, மேல கருப்பு வாஷ் (தண்ணியாக் கரைச்ச பெயிண்ட்) ஓட்டி, பலகைக்குப் பலகை வேற வேற கலரும் குடுத்துப் பாத்துட்டேன். கிட்டப் போனா நல்லாத்தான் தெரியுது, ரெண்டடி தள்ளி நின்னா கல்யாண மண்டபத்து டைனிங் டேபிள் மேல பீரங்கி வச்ச மாதிரி இருக்குது. தேக்குன்னா ப்ரௌன் தானுங்களே, எங்க தப்பு பண்றேன்?

11 ஜூன் 2023, ஞாயிறு

தேக்குன்னா ப்ரௌன்ங்கற எடத்துலதான் தம்பி சறுக்குது. தேக்கு ப்ரௌனா இருக்கறது நம்ம வூட்டுக் கதவுல, நெலவுல, ஊஞ்சப் பலகைல. அதெல்லாம் எண்ணெயோ வார்னிஷோ குடிச்சுட்டு கூரைக்குக் கீழ நெழல்ல இருக்கற மரம். டெக்கு கூரையில்லாத மரம். விடிஞ்சதுல இருந்து பொழுதோட வரைக்கும் வெயிலு, அதுக்கு மேல உப்புத்தண்ணி, அதுக்கும் மேல ஆயிரம் பேரு நடை. அதுல ப்ரௌன் எத்தன நாளைக்கு நிக்கும்?

நேத்து காங்கயம் பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். கட்டுத்தரைக்குப் பொறத்தால அப்பாரு காலத்து மாட்டு வண்டி சக்கரமில்லாம கெடக்குது, பாதி வேலியோரம், பாதி கொட்டாய்க்குள்ள. வெயில்ல இருக்கற பாதி சாம்பலும் வெள்ளியும் கலந்த மாதிரி, கொட்டாய்க்குள்ள இருக்கற பாதி இன்னும் காப்பி நெறம். ஒரே பலகைங்க, ஒரே மரம். சொம்புல தண்ணி மோந்து சாம்பல் பக்கம் ஊத்துனேன், கண்ணு முன்னாலயே கருகருன்னு ப்ரௌன் ஆச்சு. பக்கத்துலயே குத்த வச்சு உக்காந்துட்டேன். கால் மணி நேரத்துல ஓரத்துல இருந்து காஞ்சு காஞ்சு திரும்ப சாம்பலாச்சு, நடுவுல ஒரு தீவு மாதிரி ஈரம் கடைசி வரைக்கும் நின்னுது. பேனாக்கத்தில ஓரத்த லேசா சீவுனேன், ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, உள்ள மஞ்சளும் செவப்புமா புது மரம்! வெயிலு மேல் தோல மட்டுந்தான் தின்னிருக்குது.

மரத்து நார ஒட்டி வச்சிருக்கறது லிக்னின். வெயில்ல இருக்கற புற ஊதாக்கதிர் அத உடைக்குது, மழை கழுவிட்டுப் போயிருது, மிச்சம் நிக்கறது செல்லுலோஸ் நாரு, அதுக்குன்னு நெறமில்ல, வெளுப்புத்தான். அதுமேல சித்தெ பூஞ்சையும் தூசியும் ஏறுனா சாம்பல். நம்ம பஞ்சும் அதே செல்லுலோஸ்தான், அதனால மரம் வெளுக்கறது திருப்பூர்க்காரனுக்குப் புதுசில்ல. நான் சாயப்பட்டறை லேப்ல பத்தொம்பது வருசமா ஷேடு பாக்கறவன், கண்ணு பழகிப் போச்சு. டெக்கு விசயத்துல நான் சொல்றது ஒண்ணுதான்: மரத்தோட நெறத்த அடிக்காதீங்க, வெயிலும் தண்ணியும் அதுல மிச்சம் வச்ச நெறத்த அடிங்க.

12 ஜூன் 2023, ராத்திரி

நேத்து ஒரு கேள்வி விட்டுப் போச்சு. எந்த வருசத்து மிசௌரி கட்டறீங்க? ரெண்டாம் உலகப்போர்க் காலத்துல அமெரிக்கக் கடற்படை வானத்துல இருந்து விமானம் பாத்துருமேன்னு மர டெக்கு மேலயே நீலம் பூசுச்சு, டெக் ப்ளூ 20-பின்னு பேரு. அந்த மாதிரி கட்டுனீங்கன்னா மர நெறமே வேண்டாம், அங்கங்க கால் பட்டுத் தேஞ்ச எடத்துல மட்டும் வெளுத்த மரம் எட்டிப் பாத்தா போதும். இப்ப பேர்ல் ஹார்பர்ல நிக்கற கப்பலா கட்டுனா வெறும் தேக்கு. ஜப்பான் போர்க்கப்பல் யமாட்டோவுக்கு தேக்கே இல்ல, ஹினோக்கிங்கற சைப்ரஸ் வகை மரம், அது பொறப்புலயே வெளுப்பு. ஒரே டப்பா பெயிண்ட்ட எல்லாக் கப்பலுக்கும் அடிக்கறது அங்கதான் இடிக்குது.

18 ஜூன் 2023, ஞாயிறு

கருப்புக் கோட்டுக்கு வருவோம், இதப் பத்தி எனக்கு நெம்ப நாளா ஒரு வெசனம்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவுல கயித்துப் பிசிரு அடைச்சு கீல் ஊத்தியிருப்பாங்க, அந்தக் கோடு நெசமாவே கருப்புத்தான், அத மறுக்கல. ஆனா அதோட அகலம் கெட்டியாப் பாத்தாலும் பத்து மில்லிமீட்டர். 350-ஆல வகுத்தா 0.03 மி.மீ. தலைமுடியவிட மெலிசு. பலகை ஆறு இஞ்ச்னு வச்சுக்குங்க, 152 மி.மீ., அது 0.43 மி.மீ. ஆகுது. நீங்க கருப்பு வாஷ் ஓட்டுனா குழில தேங்கி நிக்கற கோடு குறைஞ்சது 0.1 மி.மீ. இருக்கும். அதாவது நெச கப்பல்ல ஆறு இஞ்ச் பலகைக்கு நடுவுல கிட்டத்தட்ட ஒண்ணரை இஞ்ச் தார் ரோடு. அதத்தான் உங்க கண்ணு டேபிள்னு சொல்லுது.

இன்னொண்ணு. 1/350 மாடல ஒரு மீட்டர் தள்ளி நின்னு பாக்கறது, நெச கப்பல 350 மீட்டர் தள்ளி நின்னு பாக்கறதுக்கு சமம். அந்தத் தூரத்துல கோடு தெரியாது, கோடும் பலகையும் கலந்து டெக்கு மொத்தமும் ஒரு பொட்டு டல்லாத் தெரியும், அவ்வளவுதான். கருப்ப விட்டுட்டு ரா அம்பர்ங்கற மண் ப்ரௌன் ஆயில் கலர நெம்பத் தண்ணியா எடுங்க. எங்க லேப்ல பெய்ஜ் (வெளுத்த மணல் நெறம்) ஷேடுன்னா எல்லாருக்கும் பயம், ஏன்னா கருநீலத்துல ஒரு சொட்டு எச்சாப் போனா தெரியாது, பெய்ஜ்ல தெரிஞ்சுரும், துணி செவப்படிக்கும், இல்ல பச்சையடிக்கும். டெக்கு ஒரு பெய்ஜ்.

அந்த பெய்ஜ டல் பண்றதுக்கும் கருப்பு வேண்டாம். வெள்ளைல யெல்லோ ஓக்கர் (காவி மஞ்சள்), ரா அம்பர் போட்டு, எச்சா செவப்படிச்சா ஊசி மொனைல அல்ட்ராமரைன் நீலம் தொட்டு வைங்க. கருப்புப் போட்டா அழுக்காகும், நீலம் போட்டா சாம்பலாகும். ரெண்டும் ஒண்ணில்ல.

2 ஜூலை 2023, ஞாயிறு

தம்பி கேட்டது சரியான கேள்வி: உங்க அப்பாரு வண்டி வாகைப் பலகை, கப்பல் தேக்கு, ரெண்டும் ஒரே சாம்பலா ஆகும்னு எப்படிங் சொல்றீங்க?

போன வாரம் ரோசன பண்ணிப் பாத்தேன். வாய்ல சொல்றதவிட செஞ்சு பாத்தர்றது மேலு. மரக்கடைல தேக்குக் கழிவு மூணு துண்டு வாங்கியாந்தேன், ஒரே பலகைல இருந்து அறுத்தது, ஒவ்வொண்ணும் ஒரு ஜாண் நீளம். 'அ' துண்டு அலமாரிக்குள்ள, வெயிலே படாம. 'ஆ' துண்டு மொட்டை மாடில, அது பாட்டுக்குக் கெடக்கட்டும். 'இ' துண்டும் மாடிலதான், ஆனா அத தெனமும் காலைல உப்புத்தண்ணி ஊத்தி, ஆத்து மணலப் போட்டு, உடைஞ்ச அம்மிக்கல் துண்டுல தேய்க்கறேன். பழைய கப்பல்ல மாலுமிங்க முட்டி போட்டு மணக்கல்லுல டெக்க தேய்ப்பாங்க, ஹோலிஸ்டோன்னு பேரு, சாமி கும்பிடற மாதிரி முட்டி போடறதால வந்த பேருன்னு சொல்லுவாங்க. அதே வேலை, சின்ன அளவுல.

புதுசா அறுத்த தேக்கு எப்படி இருக்கும்னு தெரியுங்களா? நாம நெனைக்கற தங்க நெறமெல்லாம் இல்ல. பச்சையும் கரும்பழுப்புமா பட்டை பட்டையா, அசிங்கமா இருக்குது. வெளிச்சம் படப் படத்தான் ஒண்ணு சேர்ந்து தேன் நெறத்துக்கு வரும். மூணு துண்டையும் போட்டோ புடிச்சு தேதி போட்டு வச்சிருக்கறேன்.

23 ஜூலை 2023, ஞாயிறு

ஆடிக் காத்து பேயா அடிக்குது. மாடில ஒரு துண்டு பறந்து போய் பக்கத்து வூட்டு சிண்டெக்ஸ் டேங்க் மேல கெடந்துச்சு, போய் வாங்கியாந்து இப்ப செங்கல் முட்டுக் குடுத்திருக்கறேன். இந்த மாசத்துல தயவு செஞ்சு ஜன்னலத் தொறந்து வச்சுட்டு ஆயில் வாஷ் போடாதீங்க, ஒவ்வொரு தூசியும் ஈரத்துல வந்து உக்காரும்.

போன வருசம் எனக்கு நடந்தத இப்பச் சொல்லியர்றேன், இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது. மூணு வாரம் உக்காந்து ஒரு 1/350 டெக்கு, ஒவ்வொரு பலகையா ட்ரிபிள் ஜீரோ பிரஷ்ல தொட்டு வச்சது. ஆயில் வாஷுக்கு டர்பன்டைன் தீந்து போச்சுன்னு ஒரு பெயிண்ட் கடைல கேட்டேன், கடைப் பையன் பெரிய கேன்ல இருந்து பாட்டில்ல ஊத்திக் குடுத்தான், லேபிள் இல்ல. வந்து பிரஷ்ல தொட்டு முன்பக்கத்துல ரெண்டு இழுப்பு இழுத்தேன், பலகைக் கோடு அப்படியே மெழுகு மாதிரி இளகி வழிஞ்சுது. அது என்சி தின்னர். பிளாஸ்டிக்கத் தின்னுரும். மனசு பொக்குனு போச்சு, ஒரு வாரம் அந்த மேசைப் பக்கமே போகல. அதுல இருந்து எந்தப் பாட்டில் வாங்குனாலும் மொதல்ல கிட் பாகமெல்லாம் ஒட்டி வர்ற பிளாஸ்டிக் பிரேம் மிச்சத்துல ஒரு சொட்டு விட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கறேன். நீங்களும் அப்படியே செய்யுங்க.

15 ஆகஸ்ட் 2023

லீவு நாளு, ஆறரை வாரக் கணக்கு பாத்தேன்.

'அ' துண்டு கிட்டத்தட்ட வாங்குன மாதிரியே. 'ஆ' மொதல் ரெண்டு வாரம் பட்டையெல்லாம் போயி நல்லா தேன் நெறமாச்சு, அப்பறம் அந்தத் தேனும் எறங்கி இப்ப வெளுத்த கோதுமை மாவு மாதிரி, அங்கங்க சாம்பல் பொடி. 'இ' துண்டுதான் என்னய அசத்துச்சு. தெனமும் தேய்ச்சதுல சாம்பல் நிக்கவே இல்ல, காஞ்ச வைக்கோல் நெறம், கிட்டத்தட்ட வெண்ணெய் நெறம், மெத்துனு இருக்குது தொட்டா. தேய்க்கத் தேய்க்க மெதுவான நாரு போயி, கடுசான நாரு மேடா நிக்குது.

அதனால ஜூன்ல நான் சொன்னதுல ஒரு திருத்தம். வண்டிப் பலகையக் காட்டி டெக்குன்னா சாம்பல்ங்கற மாதிரி சொல்லியிருந்தேன், அது பாதி உண்மைதான். ஒழுங்கா தேய்ச்சுப் பராமரிச்ச போர்க்கப்பல் டெக்கு சாம்பல் இல்ல, வெளுத்த வைக்கோல். கவனிப்பார் இல்லாத டெக்குதான் என்ற அப்பாரு வண்டி. ரெண்டும் ப்ரௌன் இல்லங்கறது மட்டும் மாறல.

டாமியா பெயிண்ட் டப்பா வச்சிருக்கறவங்களுக்கு: எக்ஸ்எஃப்-55 டெக் டான் சாம்பல் பக்கம் சாயும், எக்ஸ்எஃப்-78 வுடன் டெக் டான் மஞ்சப் பக்கம் சாயும். ரெண்டையும் கலந்து பாருங்க. 'இ' துண்டு பக்கத்துல வச்சுப் பாத்தா எனக்கு 78 எச்சாவும் 55 கொறச்சலாவும் போட்டு, எக்ஸ்எஃப்-2 வெள்ளை கொஞ்சம் விட்டதும் ஒத்துப் போச்சு.

கலர் கலக்கறது எங்கங்கறது முக்கியம். எங்க லேப்ல லைட் பாக்ஸ்ல டி65 பகல் வெளிச்சம், டிஎல்84 கடை வெளிச்சம், ரெண்டுலயும் பாத்துத்தான் ஷேட பாஸ் பண்ணுவோம். ஒரு வெளிச்சத்துல ஒத்துப் போற ரெண்டு கலர் இன்னொரு வெளிச்சத்துல பிரிஞ்சு நிக்கும், மெட்டாமெரிசம்னு பேரு. ராத்திரி பத்து மணிக்கு மஞ்ச பல்பு கீழ கலக்குன டெக்கு காலைல பச்சையடிச்சு நிக்கறதுக்கு அதுதான் காரணம். லைட் பாக்ஸெல்லாம் வேண்டாம், காலைல ஒம்பது பத்து மணிக்கு, வடக்குப் பாத்த ஜன்னல், நேர் வெயில் படாம. அங்க கலக்குங்க, அப்பறம் ஷோகேஸ் எந்த லைட்டுக்குக் கீழ இருக்கப் போகுதோ அங்கயும் கொண்டு போய் ஒருக்கா பாருங்க. காஞ்சதுக்கு அப்பறந்தான் நெறம் சொல்லணும், ஈரத்துல சொல்லக் கூடாது. இத லேப்ல சேர்ற ஒவ்வொரு பையனுக்கும் மொத நாளே சொல்லுவேன்.

17 செப்டம்பர் 2023, ஞாயிறு

டெக்க விட்டு சித்தெ தள்ளிப் போறேன், பொறுத்துக்குங்க. குடும்பத்தோட டாப்ஸ்லிப் போயிருந்தேன், பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை வழியா. இந்தப் பேரே தேக்கால வந்த பேருதான், மேல வெட்டுன மரத்த சரிவுல உருட்டி விடற எடம், அதனால டாப்ஸ்லிப். அங்க ஹியூகோ உட் சமாதிக்குப் போனோம். வெட்டி மொட்டையாக் கெடந்த ஆனைமலைக் காட்டுல திரும்பத் தேக்க வளத்தெடுத்த வன அதிகாரி. கையில இருக்கற தடில மண்ணுல குழி குத்தி, விதை போட்டுக்கிட்டே நடப்பாராம். 1933-ல செத்தாரு, தேக்கு மரத்துக்கு நடுவுலயே படுத்திருக்கறாரு. பெரிய பெரிய எலை, காத்துக்கு சலசலன்னு சத்தம், என்ற அம்மணி எலைய கசக்கி உள்ளங்கைய நீட்டுனா, ரத்தம் மாதிரி செவப்பு. சாயக்காரன் புள்ளைங்கறதால அவளுக்கு மொதல்ல தோணுனது இதுல துணிக்கு சாயம் போட்டா நிக்குமாங்கறதுதான்.

இதயெல்லாம் ஏன் சொல்றேன்னா, நான் இப்ப கட்டிக்கிட்டு இருக்கறது டிரிங்கோமலி. 1817-ல பம்பாய்ல வாடியா குடும்பத்துக் கப்பல் ஆசாரிங்க கட்டுன போர்க்கப்பல், உடம்பு தேக்கு, இன்னமும் தண்ணில மிதக்குது, இங்கிலாந்துல ஹார்டில்பூல்ல. இங்கிலாந்துல அப்ப ஓக் மரத்துக்குப் பஞ்சம், அதனால நம்ம பக்கத்துத் தேக்கத் தேடி வந்தாங்க. அதே பம்பாய்த் தளத்துல 1813-ல கட்டுன கார்ன்வாலிஸ் மேலதான் 1842-ல சீனாக்காரங்களோட நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. டிரிங்கோமலி மரம் நம்ம ஆனைமலைத் தேக்காத்தான் இருக்கும்னு மனசுக்குள்ள ஒரு ஆசை.

20 செப்டம்பர் 2023

திருத்தம். ஆசை வேற, வரலாறு வேற. ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் தளத்துக்கு முறையாப் போனது 1850 வாக்குல, டிரிங்கோமலி தண்ணில எறங்குனது 1817 அக்டோபர்ல. கணக்கு இடிக்குது. அது மலபார்த் தேக்கு. மலபாருன்னாலும் நம்ம மலைக்கு அந்தப் பக்கச் சரிவுதானே, ஒரே மழையக் குடிக்கற மரங்கன்னு மனச தேத்திக்கிட்டேன்.

8 அக்டோபர் 2023, ஞாயிறு

ரெண்டு பேரு மரத்துலயே டெக்கு போடறதப் பத்திக் கேட்டிருக்காங்க. இது பிளாஸ்டிக் மாதிரி இல்ல, பெயிண்ட் வேலை கம்மி, சாய வேலை எச்சு.

மொத விசயம், தேக்குக் கப்பலுக்குத் தேக்குல டெக்கு போடாதீங்க. கேக்க அநியாயமா இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. என்ற டிரிங்கோமலி 1/96, அடிக்கு அரைக்கால் இஞ்ச், 150 அடி கன் டெக்கு (பீரங்கித் தளம்) பத்தொம்பது இஞ்ச்சுக்கு உள்ள வந்துருது. பத்து இஞ்ச் பலகை 2.65 மி.மீ. ஆனா தேக்கோட ரேகையும் துளையும் 96 மடங்கு சுருங்காது! 2.65 மி.மீ. பலகைல ஒரு ரேகை ஓடுச்சுன்னா நெச கப்பல்ல வாய்க்கா ஓடற மாதிரி. ரேகை தெரியாத, நெருக்கமான மரம் வேணும். மஞ்சக்கடம்பு அருமையா இருக்குது, கடைசல்காரங்க வச்சிருப்பாங்க. சிக்கலைன்னா ஐஸ் குச்சி கூடப் போதும். கோயமுத்தூர்ல காஸ் வன அருங்காட்சியகம் இருக்குது, 1902-ல ஆரம்பிச்சது, மர மாதிரிகள வரிசையா வச்சிருக்காங்க. ஒரு அரை நாள் ஒதுக்கிப் போய் ரேகை ரேகையாப் பாத்துட்டு வாங்க, நான் மூணு தடவ போயிட்டேன்.

சாம்பலுக்கு: பெயிண்ட் வேண்டாம், இரும்புத் தண்ணி. வினிகர்ல இரும்ப ஊறப் போட்டா கரையும், அத மரத்துல தடவுனா மரத்துல இருக்கற டேனின்ங்கற துவர்ப்புச் சத்தோட சேர்ந்து சாம்பலாகும், டேனின் எச்சா இருந்தா கருப்பாகும். மஞ்சக்கடம்புல அது பத்தாதுன்னு பட்டுச்சு, அதனால மொதல்ல கடுக்காய்த் தண்ணி. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தா கருப்புன்னு நம்ம சாயக்காரங்களுக்கு எத்தனையோ தலைமொறையாத் தெரியும், தோல் பதனிடறவங்க ஆவாரம்பட்டைய ஊறப் போடறதும் இதே டேனினுக்குத்தான். பாத்திரம் தேய்க்கற கம்பி நார வினிகர்ல போட்டு வச்சிருக்கறேன், மூணு நாள் கழிச்சு சொல்றேன்.

11 அக்டோபர் 2023

ஒண்ணும் ஆகல, தண்ணி தண்ணியாவே இருக்குது. அது ஸ்டெயின்லெஸ் நாரு, துருவே பிடிக்காதது வினிகருக்கா கரையும்? ஊர்ல இருந்து துருப்பிடிச்ச லாட ஆணி ஒரு கை அள்ளியாந்து போட்டிருக்கறேன், சாயந்தரமே நுரைக்குது. மூடிய இறுக்கி மூடாதீங்க, வாயு வருது, துணி கட்டி வைங்க.

12 நவம்பர் 2023, தீபாவளி

எல்லாருக்கும் வாழ்த்துங்க. ஒரு சேதி. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு விடியக்காலம் வெந்நி அடுப்புப் பத்த வைக்கறப்ப, அம்மா மாடில காஞ்ச வெறகு கெடக்குதேன்னு 'ஆ' துண்ட எடுத்து அடுப்புல போட்டுட்டாங்க. நாலரை மாச ஆராய்ச்சில ஒரு சூடான குளியல். நல்லா எரிஞ்சுதுன்னு பாராட்டு வேற. 'அ' துண்ட நடுவுல அறுத்து ஒரு பாதிய இன்னைக்கு மாடில வச்சுட்டேன், இந்தத் தடவ மேல பேரு எழுதி. 'ஆ' துண்டோட போட்டோ வாரா வாரம் இருக்குது, போன ஞாயித்துக்கெழமை வரைக்கும்.

26 நவம்பர் 2023, ஞாயிறு

மழை இந்த மாசம் விட்டு விட்டுப் பேயுது. 'ஆ' அக்டோபர் கடைசிலயே நல்ல சாம்பல் பிடிச்சுருச்சு, போட்டோவ வண்டிப் பலகை போட்டோவோட பக்கத்துல வச்சா, தேக்கு சித்தெ வெள்ளி மாதிரி மின்னுது, வாகை சித்தெ கருப்பா மண் நெறம். ஆக தம்பி ஜூலைல கேட்டதுக்குப் பதில்: குடும்பம் ஒண்ணு, மொகம் வேற. வண்டி ஷேட அப்படியே கப்பலுக்கு எடுத்தா ஒரு பொட்டு அழுக்காத் தெரியும்.

கடுக்காய் வேலை: மொதத் தடவ கடுக்காய ராத்திரி பூரா ஊற வச்சு, கெட்டியா ஒரு கோட் குடுத்து, லாட ஆணித் தண்ணி தடவுனேன், அஞ்சு நிமிசத்துல பலகை மை ஊத்துன மாதிரி நீலக் கருப்பு. வீணாப் போச்சு. அப்பறம் கடுக்காய்த் தண்ணி ஒரு பங்குக்கு இருபது பங்கு வெறுந்தண்ணி, இரும்புத் தண்ணியும் அதே மாதிரி, குச்சி குச்சியா அஞ்சு விதமா முக்கி எடுத்தேன், லேப்ல சின்னத் துணித் துண்ட சாயத்துல முக்கி ஷேடு பாக்கற லேப் டிப் மாதிரியே. இருபதுக்கு ஒண்ணுலதான் நெசமான டெக்கு சாம்பல் கெடச்சுது. முக்கி எடுத்த ஒடனே தெரியாது, காத்துப் படப் படத்தான் ஏறும், ராத்திரி விட்டுட்டு காலைல பாருங்க.

16 ஜனவரி 2024, மாட்டுப் பொங்கல்

ஊர்ல இருந்து எழுதறேன். மாட்டுக்குப் பொங்க வச்சு முடிஞ்சுது, பழைய வண்டிக்கும் அம்மா மஞ்சத்தண்ணி தெளிச்சாங்க, தெளிச்ச எடமெல்லாம் பொட்டுப் பொட்டா கருத்து நின்னுச்சு. அம்மணி அதப் பாத்துட்டு, அப்பா உங்க கப்பல்ல இந்த மாதிரி ஈரம் எங்கியுமே இல்லியேன்னா. நெசந்தான். டெக்கு முச்சூடும் ஒரே மாதிரி காஞ்சு இருக்காது. தண்ணி மோக்கற எடம், சமையல் புகைபோக்கிக்குக் கீழ, நங்கூரச் சங்கிலி ஏறி எறங்கற முன்பக்கம், அங்கெல்லாம் எப்பவும் சித்தெ கருப்பு. பலகைக்குப் பலகை வித்தியாசம் காட்டறதவிட இந்த எடத்துக்கு எடம் வித்தியாசந்தான் கண்ணுக்கு உசுரு குடுக்குது.

பலகை வித்தியாசத்தப் பத்தி நான் இதுவரைக்கும் ஒழுங்காச் சொல்லல. ஒரு டெக்குப் பலகையெல்லாம் ஒரே வெயில்ல கெடந்தது, அதனால ரொம்ப தூரம் பிரிஞ்சு நிக்காது. எட்டுப் பலகைல ஒண்ணு மட்டும் அரை ஷேடு மாத்துங்க, பிளாஸ்டிக்னா கலர் பென்சில்லயே போதும், சாம்பல் ஒண்ணு, சந்தன நெறம் ஒண்ணு. புதுசா மாத்துன பலகைன்னு ஒண்ணோ ரெண்டோ தேன் நெறத்துல விடலாம், அது ஒரு கதை சொல்லும். பத்து நெறத்துல மாத்தி மாத்தி அடிச்சா அது ஜமுக்காளம், பவானில நெய்யட்டும். பலகை முனை சேர்ற எடமும் பக்கத்துப் பக்கத்துல வரக் கூடாது, நாலு வரிசை தள்ளித்தான் அதே எடத்துல திரும்ப வரணும். 24 அடிப் பலகை 1/96-ல 76 மி.மீ., 1/350-ல 21 மி.மீ.

மரத்துல கோட்டுக்கு நான் செஞ்சது: ஒவ்வொரு குச்சியோட ஒரு ஓரத்த மட்டும் 2பி பென்சில்ல ஒரு இழுப்பு இழுத்து ஒட்டறது. ரெண்டு ஓரமும் இழுத்தா கோடு தடிச்சுரும்.

4 பிப்ரவரி 2024, ஞாயிறு

தம்பி மிசௌரி டெக்கு போட்டோ அனுப்பியிருக்காப்ல, பகல் வெளிச்சத்துல ஒண்ணு, ஷோகேஸ் லைட்டுல ஒண்ணு, கேக்காமயே ரெண்டும். பாத்ததும் எனக்கு மாடிக்குப் போய் 'இ' துண்ட எடுத்துட்டு வந்து போன் பக்கத்துல வைக்கணும்னு தோணுச்சு, வச்சேன். நடு டெக்கும் பின்பக்கமும் அவ்வளவு ஒத்துப் போகுது, கருப்புக் கோடு இல்ல, ஆனா பலகை இருக்குதுன்னு கண்ணு நம்புது. நெம்ப சந்தோசமா இருக்குதுங் தம்பி.

முன்பக்கம் மொத பீரங்கிக்கு முன்னால மட்டும் ஒரு பொட்டு செவப்படிக்குது, ஷோகேஸ் லைட்டுல எச்சாத் தெரியுது. அங்க திரும்ப அடிக்க வேண்டாம். ஆயில் கலர்ல அல்ட்ராமரைன் ஊசி மொனை அளவு, அதுல பத்து மடங்கு வெள்ளை, டர்பன்டைன்ல பால் தண்ணி மாதிரி கரைச்சு ஒரே ஒரு பூச்சு, பஞ்சுல கப்பல் நீளவாக்குல தொடைங்க, குறுக்கால தொடைக்காதீங்க. டர்பன்டைன மொதல்ல கிட் பிரேம்ல சொட்டு விட்டுப் பாத்துருங்க. ரெண்டு நாள் காயட்டும், அப்பறம் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ். காஞ்ச பொறவு வடக்கு ஜன்னல்ல வச்சு இன்னொரு போட்டோ அனுப்புங்க, நான் 'இ' துண்டோட காத்துட்டு இருக்கறேன்.